தோப்புக்கு வரும் சருகுப்பூச்சி

அன்புள்ள கதிரேசா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. பதில் தாமதமானது அதனால்தான்.

ஆரஞ்சுத் தோப்பில் பழம் உதிர்கிறது, ராத்திரி இந்தப் பூச்சி வருகிறது என்று எழுதி நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கையை மூடி உட்கார்ந்திருப்பதில் நடுநரம்புக் கோடுகூடத் தெரிகிறது. சருகு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நல்லவேளை, குச்சியால் தொட்டு விரித்துப் படம் எடுத்தாய். பின்னிறக்கை ஆரஞ்சு நிறம், அதில் கறுப்பாகக் காற்புள்ளிபோல் வளைந்த திட்டு. அப்படியானால் யூடோசிமா ஃபலோனியா என்ற அந்துப்பூச்சிதான். திட்டு வட்டப் பொட்டாக இருந்தால் அதன் உறவான யூடோசிமா மெட்டர்னா. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வது இவற்றைத்தான்.

பூந்தேன் குடிக்கும் பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் மெல்லியது. இதற்கு நுனி கெட்டியாக, முள்முள்ளாக இருக்கும். ஆரஞ்சுத் தோலையே துளைத்துவிடும். ராத்திரி வந்து குடித்துவிட்டுப் போகும். துளை குண்டூசி அளவுதான். ஆனால் அதன்வழியே பூசணம் இறங்கி, சுற்றிலும் அழுகி, பழம் உதிர்கிறது. காலையில் பொறுக்கும் பழத்தை அமுக்கிப் பார், சாறு கசியும்.

மரத்துக்கு மருந்து அடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாமடா. இதன் புழு ஆரஞ்சு இலையைத் தின்பதே இல்லை. தாய்ப்பூச்சி முட்டையிடுவது சீந்தில், கட்டுக்கொடி போன்ற கொடிகளில். புழு கறுப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். உடலின் இரு பக்கமும் பெரிய கண்போலப் பொட்டுகள். தொந்தரவு செய்தால் தலையை உள்ளே மடக்கி, வாலைத் தூக்கி, அந்தப் பொட்டுகளை எதிரே காட்டும். வளர்ந்ததும் இலைகளைப் பட்டிழையால் சேர்த்து, உள்ளே கூட்டுப்புழுவாகும். பூச்சியாக வெளிவந்த பிறகுதான் அதற்குப் பழத்தில் நாட்டம்.

சீந்திலை அழிக்கச் சொல்வார்கள். தோப்புக்குள் படர்ந்ததை எடுத்துவிடு, சரி. காட்டோரத்தில் இருப்பதைத் தொடாதே. அது காட்டுக்கு உரிய கொடி. அதை வெட்டினாலும் நெடுந்தூரம் பறக்கும் பூச்சி வேறிடத்திலிருந்து வந்துவிடும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் பை கட்டு. கூலி ஆகும்தான், ஆனாலும் உறுதியான வழி அதுவே. உதிர்ந்ததை அன்றன்றே குழிதோண்டிப் புதை. புளித்த வாடைக்கு இன்னும் வரும். இருட்டியதும் டார்ச் அடித்துப் பார்த்தால் பழத்தில் உட்கார்ந்திருப்பதைக் கையாலேயே பிடித்துவிடலாம்.

கொடியில் புழு கண்ணில் பட்டால் எனக்கு உடனே போன் செய். அதை நேரில் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. அம்மா நடமாடத் தொடங்கியதும் தாண்டிக்குடிக்குக் கிளம்பி வந்துவிடுகிறேன்.

உன்,
சேகர்