ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலக் காய்ச்சல் பற்றிய உங்கள் கட்டுரையில் டெங்கு, டைபாய்டு, தக்காளிக் காய்ச்சல் எல்லாம் இருந்தன. கவாசாகி நோய் மட்டும் இல்லை. அரிதுதான், ஆனால் என் மூன்று வயதுப் பேரனுக்கு வந்தது.

முதல் நாலு நாள் சாதாரணக் காய்ச்சல் என்றே இருந்தோம். சிரப் கொடுத்தால் இறங்கும், மறுபடி ஏறும். கண் இரண்டும் சிவந்திருந்தன, பீளை இல்லை. உதடு வெடித்து, நாக்கு செக்கச்செவேல் என்று புள்ளி புள்ளியாகத் தடித்திருந்தது. உடம்பில் தடிப்பைப் பார்த்ததும் அம்மை என்று வேப்பிலை கொண்டுவந்து வைத்தேன் (என் வேலைதான்). பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக்கை இரண்டு முறை மாற்றினார்கள். ஏழாம் நாள் வேறொரு குழந்தை மருத்துவர் கழுத்து நெறிக்கட்டியையும் வீங்கிய உள்ளங்கையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னார்.

1967-ல் ஜப்பானிய மருத்துவர் டொமிசாகு கவாசாகி விவரித்த நோய் இது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருவது. உறுதி செய்ய என்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. அறிகுறிகளைக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி வீங்கிவிடும். காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (தானம் செய்த ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். மருந்தின் விலையைப் பற்றித் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும்.

அடுத்த முறை எழுதும்போது, ‘ஐந்து நாள் தாண்டினால் இதையும் மருத்துவரிடம் கேளுங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கலாமே? பேரனுக்கு விரல் நுனியில் தோல் உரிந்தது; அப்புறம் சரியாகிவிட்டது.

ஒரு பாட்டி,
கும்பகோணம்.