இல்லாத கேள்விக்கு முந்நூறு மட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டப்பின்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கும் பெடியளுக்காக எங்கள் பக்கம் நடக்கிற ஆங்கில வகுப்புகளைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சின்னம்மாவின் மகன் எம்.பி.ஏ. படிக்க ஜிமாட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதப்போகிறேன் என்று போன மாதம் ஒரு வகுப்பில் சேர்ந்தான். கட்டிய காசுக்குக் கையில் கிடைத்தது ஒரு பை நிறைய மட்டைகள். பிறிஸ்டல் போட்டைத் துண்டு துண்டாக வெட்டி, மூலையில் ஓட்டை போட்டு, இருபது இருபதாக நூலில் கோத்த முந்நூறு மட்டை. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை, எல்லாம் போட்டோக்கொப்பி அடித்து ஒட்டியது, முழுக்க ஆங்கில இலக்கணம். காலையில் சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்சில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வருவோம், இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவான். ஒருநாள் நாவற்குழிப் பாலத்தில் நூல் அவிழ்ந்து, காற்றுக்கு நாலைந்து மட்டை பறந்து ஆட்களின் காலுக்குள் போய்விட்டது. பொறுக்கிக் கொடுக்கக் குனிந்தபோதுதான் தலைப்பைப் பார்த்தேன். 'சென்ரன்ஸ் கொரெக்‌ஷன்', அதாவது வசனத் திருத்தம்.

நான் இந்தப் பரீட்சையை 2022இல் எழுதியவள். அப்போது மொழிப் பகுதியில் 65 நிமிடத்துக்கு 36 கேள்வி. வாசித்து விளங்குவது, தர்க்கம், பிழையான வசனத்தைத் திருத்துவது என்று மூன்று வகையும் கலந்து வரும். 2023 நவம்பரில் புது வடிவம் வந்தது, பழையதை 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தப் பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்வி. வசனத் திருத்தத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். அதாவது அந்தப் பிள்ளை ஒரு மாதமாகப் பாடமாக்கியது பரீட்சையில் வராத கேள்விக்கு.

கைக்கு வரும் புத்தகம் பழையதா புதியதா என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. மொத்தப் புள்ளி 200 முதல் 800 வரை என்று போட்டிருந்தால் பழையது, 205 முதல் 805 வரை என்றால் புதியது. அட்டையில் என்ன ஆண்டு அச்சடித்திருந்தாலும் இதைப் பாருங்கள்.

வகுப்புக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "இலக்கணம் படித்தால் வீண்போகாது தங்கச்சி" என்றார்கள். சரி, அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு எழுதி அனுப்பும் கட்டுரைகளில் பிழை இருந்தால் வாசிக்கிறவருக்கு உடனே கண்ணில் குத்தும். பட்டப்பின்படிப்புக்கு எழுதும் இன்னொரு பரீட்சையான ஜி.ஆர்.ஈ. எழுதுகிறவர்களுக்கும் ஒரு கட்டுரை இருக்கிறது, அதிலும் இலக்கணத்தை மட்டும் தனியாகக் கேட்கும் கேள்வி கிடையாது. ஆனால் வீண்போகாத படிப்பு என்று சொல்லியா காசு வாங்கினார்கள்? ஜிமாட்டுக்கு என்றுதானே வாங்கினார்கள்?

பழையதாக இருந்தாலும் மட்டையாவது நல்லதா என்றால், அதுவும் இல்லை. முன்பக்கம் 'பரலலிசம் (அடுக்கி வருகிறவற்றை ஒரே வடிவில் எழுதுவது) என்றால் என்ன?' என்ற மாதிரிக் கேள்வி, பின்பக்கம் மூன்று வரி வரைவிலக்கணம். அதை அவன் தண்ணீர் மாதிரிச் சொல்கிறான். ஒரு பிழையான வசனத்தைக் கொப்பியில் எழுதிக் கொடுத்து எங்கே பிழை என்று கேட்டால் முழிக்கிறான். மட்டைகளை விதி விதியாக அடுக்கிக் கோத்திருப்பது அடுத்த கேடு. ஒரு கட்டு முழுக்க எழுவாய் பயனிலை இயைபு என்றால், மட்டையைத் திருப்ப முன்னமே விடை இன்னது என்று தெரிந்துவிடும், பரீட்சையில் யார் அப்படிச் சொல்லிவிட்டுக் கேட்கப் போகிறார்கள்?

நான் படித்தபோது செய்தது வேறு. பழைய பயிற்சி வினாக்களில் நான் பிழைவிட்ட வசனங்களை மட்டும் மட்டையில் எழுதினேன். முன்பக்கம் பிழையான வசனம், பின்பக்கம் திருத்திய வசனம், அதன் கீழே ஏன் என்று தமிழில் ஒரு வரி. ஒரே விதிக்கு மூன்று நாலு வேறு வேறு வசனம், இல்லாவிட்டால் விதி மனதில் நிற்காது, வசனம்தான் நிற்கும். பிறகு எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துவிடுவேன்.

தமிழில் அந்த ஒரு வரி எழுதியது எனக்குப் பெரிய உதவி. 'வோக்கிங் ஹோம், த ரெயின் கேம்' என்ற வசனம் பிழை, நடந்தது மழை என்று ஆகிவிடுகிறது. இதை ஆங்கிலத்தில் எத்தனை தரம் விளங்கப்படுத்தியும் எனக்கு ஏறவில்லை. நாங்கள் 'வீட்டுக்கு நடந்து வரும்போது மழை வந்தது' என்போம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'வீட்டுக்கு நடந்து மழை வந்தது' என்று யாரும் சொல்லமாட்டோம். 'நடந்து' என்ற எச்சத்துக்கும் 'வந்தது' என்ற முற்றுக்கும் ஒரே வினைமுதல் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே சங்கதிதான். அதை மட்டையில் எழுதிய நாளில் இருந்து அந்த வகைக் கேள்வியில் நான் அதிகம் பிழைவிடவில்லை. 'லிஸ்ட்' ஒருமை என்பதால் 'இஸ்' போடவேண்டிய இடத்தில் 'த லிஸ்ட் ஒஃப் புக்ஸ் ஆர்' என்று வழுக்குவதும் இப்படித்தான். வீட்டில் 'புத்தகங்கள் கிடக்குது' என்று பேசுகிற எங்களுக்கு அஃறிணையில் ஒருமை பன்மை பார்க்கும் பழக்கமே இல்லை. இதையெல்லாம் வேறு எங்கோ அச்சடித்த மட்டை எப்படிச் சொல்லும்?

திரும்பப் பார்க்கும் முறைக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். லைட்னர் என்பவர் 1970களில் எழுதி வைத்த வழி அது: பெட்டியை ஐந்தாகத் தடுத்து, சரியாகச் சொன்ன மட்டையை அடுத்த அறைக்குத் தள்ளுவது, பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திருப்பி அனுப்புவது. முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னுக்குப் போகப் போக இடைவெளி கூடும். போனில் செய்ய விரும்பினால் அங்கி என்ற செயலி இதே வேலையைச் செய்கிறது.

ஒன்று முக்கியம், விடையைத் திருப்ப முன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மாணவர்களுக்கு 40 சுவாகிலிச் சொற்களைக் கொடுத்தார்கள். தெரிந்த சொல்லையும் விடாமல் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு கிழமை கழித்து 80 வீதமளவு நினைவிருந்தது. தெரிந்த சொல்லைச் சோதிக்காமல் பார்க்க மட்டும் செய்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். பஸ்சில் என் தம்பி செய்தது இரண்டாவது வகை.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. விளம்பரத்தில் எந்தப் பரீட்சை, எந்த ஆண்டு வடிவம் என்று ஒரு வரி போடுங்கள். உங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்திலும் இப்படியான மாற்றங்களை வருடத்துக்கு ஒருமுறையாவது போட்டால், டொலரில் பரீட்சைக் காசு கட்டுகிற பெடியளுக்கு உதவியாக இருக்கும்.

தம்பி இன்றைக்குத்தான் அந்த மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறான், திருப்பிக் கொடுத்துக் காசு கேட்க. பறந்ததில் இரண்டு மட்டை குறைகிறது என்று ஏதும் சொல்வார்களோ தெரியாது.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
சாவகச்சேரி.