நோம்பிக் கமிட்டி அண்ணன்மார்களுக்கு ஒரு பாட்டுக்காரி எழுதுவது

பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து ஊர்களில் நோம்பி என்கிற ஊர்த் திருவிழாவை நடத்தும் கமிட்டி அண்ணன்மார்களுக்கு வணக்கமுங்க.

11 வருஷமாக உங்கள் ஊர் மேடைகளில் பாடுகிறேன். பாதி தமிழ்ப் பாட்டு, பாதி மலையாளப் பாட்டு. முகத்தைப் பார்த்தால் பல பேருக்கு அடையாளம் தெரியும், பேர் தெரியாது. நோட்டீஸில் ஆண் பாடகர் போட்டோவோடு வருவார், கீபோர்டு வாசிக்கிற அண்ணன் பேர் வரும், அப்புறம் ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்துவிடுவீர்கள்.

ஆனால் ஒரு பேரை மட்டும் எந்த ஊரிலும் சொல்லாமல் விடமாட்டீர்கள். “அடுத்து நம்ம மண்ணோட மகள் ஸ்வர்ணலதா பாடின பாட்டு” என்று மைக்கில் சொன்னதும் கைதட்டல் அடங்கவே நேரமாகும். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. அத்திக்கோடு பக்கம் 1973-ல் பிறந்து, 1987-ல் சினிமாவில் பாட வந்து, கருத்தம்மாவில் ‘போறாளே பொன்னுத்தாயி’ பாடித் தேசிய விருது வாங்கினார். 2010 செப்டம்பரில் காலமானபோது வயது 37தான். அந்தப் பாட்டைக் கேட்டு நீங்கள் சீட்டு அனுப்பாத நோம்பியே கிடையாது. பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். சத்தம் கூட்டி அழுதால் பாட்டு கெட்டுப்போகும், குரலை அடக்கி, மூச்சை நீளமாக இழுத்து, துக்கத்தை உள்ளேயே வைத்துப் பாட வேண்டும், அதற்குத் தொண்டை காயாமல் இருக்கணும்.

நான் மத்தியானம் 2 மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ஏனென்றால் மேடைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கக்கூஸ் இருக்காது. 10 மணிக்கு மைக் நிற்கும், சாமான் ஏற்றிக் கிளம்ப 12 ஆகும், அதுவரைக்கும் அடக்கிக்கொண்டுதான் இருக்கணும். இது என் ஒருத்தி பாடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மலையாள சினிமாப் பெண்களைப் பற்றி நீதிபதி ஹேமா கமிட்டி 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்ட்டில்தான் வெளியே வந்தது இல்லையா, அதிலும் இதே கதை. படப்பிடிப்பு இடத்தில் கழிவறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய் வாங்கிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அறிக்கையில் வேறு பெரிய கொடுமைகள் இருக்கின்றன, நாடே பேசியது, பேச வேண்டியதுதான். எனக்கு என்னமோ அந்தத் தண்ணீர் விஷயம்தான் மனசில் நின்றுவிட்டது.

உடை மாற்றும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில் பள்ளிக்கூடத்து அரிசி வைக்கிற அறையைக் கொடுத்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அம்மா முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றார், நான் மூட்டைகளுக்கு நடுவில் சேலை கட்டினேன். பாதி கட்டும்போது வெளியிலிருந்து கதவைத் தள்ளினார்கள், இடுக்கு வழியாக செல்போன் வெளிச்சம் உள்ளே வந்தது. அம்மாவின் கால் தரையில் வழுக்கிக்கொண்டே வந்ததை இப்போது நினைத்தாலும் வயிறு பிசைகிறது. கமிட்டியில் சொன்னதற்கு, “சின்னப் பசங்க, விடும்மா” என்றார் ஒருத்தர். சரி என்று மேடை ஏறிப் பாடினேன். அன்றைக்கு முதல் பாட்டு அம்மன் பாட்டு.

நம் பாலக்காட்டுச் சித்தூரில் 1934-ல் பிறந்த பாடகி பி. லீலாவை அவருடைய அப்பாதான் மதராசுக்குக் கூட்டிப்போய்ப் பாட்டு படிக்க வைத்தார். மலையாளத்தில் முதன்முதலில் பின்னணிப் பாட்டு வந்த படம் 1948-ன் நிர்மலா, அதிலேயே அவர் குரல் இருக்கிறது. பெண் பிள்ளை பாடப் போனால் வீட்டிலிருந்து ஒரு ஆள் துணைக்குப் போகணும் என்பது இன்னும் மாறவில்லை. ஆனால் என் அம்மா கூட வந்தால் “கூட வர்றவங்களுக்குச் சாப்பாடு கணக்கில் இல்லை” என்கிறீர்கள். அதே மேடையில் அதே எண்ணிக்கைப் பாட்டுக்கு ஆண் பாடகருக்கு 2500, எனக்கு 1500. அதையும் சில ஊரில் “காலையில வந்து வாங்கிக்க” என்று சொல்லி, காலையில் போனால் பொருளாளர் இருக்கமாட்டார்.

பந்தலுக்கும் சீரியல் லைட்டுக்கும் எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், மேடையில் நின்று பார்க்கிறவள்தானே. அதில் ஒரு துளி இந்தப் பக்கம் வந்தால் போதும். பக்கத்து வீட்டில் ஒரு அக்காவிடம் சொல்லி ஒரு அறையும் கக்கூஸும் ஏற்பாடு செய்யுங்கள். பேசின பணத்தை வண்டி ஏறும் முன்னால் கையில் கொடுங்கள். செக்போஸ்ட்டில் இறக்கி விடாமல் வீட்டு வாசல் வரை வண்டி வரட்டும். அப்புறம் நோட்டீஸில் என் பேரையும் போடுங்கள்.

உங்களில் ஒரு ஊருக்கு வருகிற மாசி நோம்பிக்கு ஒத்துக்கொண்டு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். போன தடவை நான் சேலை மாற்றின அந்த அறையே இந்தத் தடவையும் என்றால், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மட்டும் அடித்து வையுங்கள் அண்ணா. அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது.