காவற்கலங்களைப் பிரிக்க லேசர் வேண்டியதில்லை

ஆசிரியருக்கு,

தாவரத்தின் ஒரு வகைக் கலத்தை மட்டும் தனியே எடுக்க லேசர் வெட்டுக் கருவியோ, ஒளிரும் கலங்களைத் தரம்பிரிக்கும் இயந்திரமோ கட்டாயம் என்று தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை கூறியிருந்தது. பல கலவகைகள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் வேர் நுனிக்கு அது பொருந்தலாம். ஆனால் இலைத்துளைகளைத் திறந்து மூடும் காவற்கலங்களை உயர்தர மாணவர்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே பிரித்தெடுக்கலாம்.

கொழும்பில் வேலியோரம் முளைக்கும் கானாவாழையே போதும். இலையின் கீழ்த்தோல் இலகுவாக உரியும். ஆனால் உரித்த தோலில் மற்றக் கலங்களும் உயிரோடிருக்கும். பீஎச் 4 அளவிலான தாங்கற் கரைசலில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) ஊறவைத்தால் அவை இறக்க, காவற்கலங்கள் தப்பும். 1972 முதல் அறியப்பட்ட முறை இது. எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரத்தைவிட நடுநிலைச் சிவப்புச் சாயம் நன்றாகச் சொல்லும். உயிருள்ள கலங்களின் புன்வெற்றிடமே (கலத்தினுள் இருக்கும் சாற்றுப் பை) சிவக்கும்.

அதிகளவு வேண்டுமென்றால் பிளெண்டர். நடுநரம்பு நீக்கிய இலைகளைப் பனிக்கட்டி போட்ட நீரில் அடித்து, 100–200 மைக்ரோமீற்றர் நைலோன் வலையில் வடித்து, பச்சை போகும்வரை கழுவ வேண்டும். இலையின் உட்புறத்துப் பச்சைக் கலங்களான இலைநடுவிழையக் கலங்கள் உடைந்து போய்விடும், தடித்த சுவருள்ள காவற்கலங்கள் தோல் துண்டுகளோடு வலையில் நிற்கும். நரம்பும் அங்கேதான் நிற்கும், அதனால்தான் அதை முதலிலேயே அகற்றுவது.

கலச்சுவரையும் நீக்குவது வேறு வேலை. ஆய்வுகூடங்களில் வளர்க்கும் அராபிடொப்சிசு என்ற சிறுசெடியின் இலைநடுவிழையத்துக்கு, சுவரைக் கரைக்கும் நொதியங்களாக 1–1.5% செல்லுலேசு, 0.2–0.4% மசரோசைம், கரைசலின் செறிவைப் பேண 0.4 மூலர் மனிற்றோல், பீஎச் 5.7 என்பது வழக்கம். காவற்கலச் சுவர் அவ்வளவு இலகுவில் கரையாது. மனிற்றோல் குறைந்தால், சுவரிழந்த கலம் நீரை உள்ளெடுத்து வெடிக்கும். ஒடுங்கிய குழாயி நுனியில் உறிஞ்சினாலும் கிழியும். நுனியை வெட்டி அகலமாக்குங்கள். மையநீக்கியை 100 ஜீ (புவியீர்ப்பின் 100 மடங்கு) அளவில் ஓரிரு நிமிடம் சுற்றினால் போதும்.

கட்டுரை தொடாத சிக்கல் ஒன்று உண்டு. நொதியத்தில் மணிக்கணக்காக ஊறும்போதே கலம் தகைப்பு மரபணுக்களை (பாதிப்பு நேரும்போது செயற்படுபவை) இயக்கிவிடுகிறது. பிறகு ஆர்.என்.ஏ.யை அளந்தால் இலையின் இயல்பு எது, நாம் கைவைத்ததன் விளைவு எது என்று பிரித்தறிவது கடினம். 2010 இல் வெளியான 'இன்டாக்ட்' முறையில் நொதியமே இல்லை: வேண்டிய கலவகையின் கருவுறையில் (கலக்கருவைச் சூழ்ந்த மென்சவ்வு) மட்டும், காந்தமணிகள் பற்றிக்கொள்ளும் பயோட்டின் என்ற உயிர்ச்சத்து சேரும்படி மரபணு மாற்றிய தாவரத்தின் இழையத்தைத் திரவ நைதரசனில் உறையவைத்து அரைத்து, அந்தக் கருக்களைக் காந்தமணிகளால் பிடிக்கிறார்கள். வேலியோரக் கானாவாழையில் இது நடவாது.

தாவரவியல் ஆசிரியர்கள் சிலர்,
கொழும்பு 06