டார்ச் உன் பொறுப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன், திட்டாதே. டூம் 3 என்கிற கணினி ஆட்டத்தை விளையாடிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், அதேதான். 2004-இல் நாம் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து ஆடினோமே, அது. மௌஸும் நடக்கிற விசைகளும் என்னிடம். டார்ச்சுக்கான எஃப் பொத்தான் மட்டும் உன்னிடம். டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கி கிடையாது, துப்பாக்கியை எடுத்தால் டார்ச் கிடையாது. அந்த ஒரு பொத்தானை நம்பி உன்னிடம் கொடுத்தது என் தப்பு. இம்ப் என்கிற பேய் முதல் தடவை பாய்ந்து வந்தபோது நீ பதறிப்போய் இரண்டு தடவை அழுத்தினாய். துப்பாக்கி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது, கையில் மறுபடியும் டார்ச். வேறு வழியில்லாமல் டார்ச்சாலேயே அதன் மண்டையில் நாலு போடு போட்டேன். அது செத்ததாக நினைவில்லை. நாம்தான் செத்தோம்.

அது இருக்கட்டும். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். கழுத்து வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா? எனக்கும் மூக்குக்கண்ணாடி மாறிவிட்டது, கிட்டப் பார்க்க ஒன்று, எட்டப் பார்க்க ஒன்று. மானிட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

முதலில் நான் வாங்கியது இதே ஆட்டத்தைப் புதுப்பித்து 2012-இல் விட்ட பிஎஃப்ஜி பதிப்பு. அதில் டார்ச்சைக் கவசத்தோடு சேர்த்து மாட்டிவிட்டார்கள். சுட்டுக்கொண்டே வெளிச்சம் அடிக்கலாம். பேட்டரி தீரும், ஆனால் கொஞ்ச நேரத்தில் தானே ஏறிக்கொள்ளும். தோட்டாவும் தாராளம், இடங்களும் முன்பைவிட வெளிச்சம். நாம் அன்றைக்கு அழுது கேட்ட வரமெல்லாம் கொடுத்துவிட்டார்கள். நாம் மட்டுமா கேட்டோம்? ஆட்டம் வந்த கையோடு யாரோ ஒரு ரசிகர், துப்பாக்கியில் டார்ச்சை ஒட்டிக்கொள்ள 'டக்ட் டேப்' என்று ஒரு மாற்றமே செய்து வெளியிட்டாரே. செவ்வாய்க் கிரகத்துக்கு ராக்கெட் விடத் தெரிந்தவர்களிடம் ஒரு டேப் இல்லையா என்று எல்லாரும் கேலி செய்தார்கள்.

வரம் கிடைத்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? இரண்டு மணி நேரத்தில் கொட்டாவி. இருட்டு மூலை வந்தால் பார்க்கிறேன், சுடுகிறேன், போகிறேன். என் பையன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு பேரும் பயந்தீங்க?" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதை அழித்துவிட்டுப் பழைய 2004 ஆட்டத்தையே தேடி எடுத்து ஏற்றினேன். அதன் மூல நிரலை 2011-இலேயே யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து விட்டுவிட்டார்கள். அதை வைத்து ஆர்வலர்கள் செய்த டியூம்3 என்கிற வடிவத்தில், புதிய கணினியிலும் சிக்கலில்லாமல் ஓடுகிறது.

டேய், அந்த இருட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

அது ஏன் அத்தனை கறுப்பு என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அதற்கு முந்தைய குவேக் மாதிரி ஆட்டங்களில் சுவரில் விழும் வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒட்டிவிடுவார்கள். இதில் ஆட்டத்தின் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் எல்லா விளக்கையும் எல்லா நிழலையும் ஆடும் நேரத்திலேயே கணக்கிட வைத்தார். விளக்கு ஆடினால் நிழலும் கூடவே ஆடும். ஆனால் ஒரு சுவரில் பட்ட ஒளி தெறித்து இன்னொரு சுவருக்குப் போவது என்பது அதில் கிடையாது. ஆகவே விளக்கு நேராகப் படாத இடம் மங்கலாகக்கூட இருக்காது, மை பூசியது போல இருக்கும். நிழலின் ஓரம்கூடக் கத்தியால் வெட்டியது போலத்தான். அந்தக் குறையை வைத்தே ஒரு பயத்தைக் கட்டிவிட்டார்கள். உயர்ந்தபட்சத் தரத்தில் ஓட்ட 512 எம்பி வீடியோ நினைவகம் வேண்டும் என்றார்கள், நினைவிருக்கிறதா? அப்போது யார் வீட்டில் இருந்தது அது! நாம் 640-க்கு 480-இல் திக்கித் திணறி ஓட்டினோம்.

ஆரம்பம் இன்றைக்கும் அற்புதம். 2145. மார்ஸ் சிட்டியில் புதிதாக வந்து இறங்கிய சிப்பாய் நீ. காணாமல் போன ஒரு விஞ்ஞானியைத் தேடிக் கீழ்த்தளம் வழியாகப் போகிறாய். வழியில் ஆட்கள் வேலை செய்கிறார்கள், குறைபட்டுக்கொள்கிறார்கள், சமையலறையில் வான்கோழியைக் குத்தும் ஒரு ஆர்கேட் ஆட்டம்கூட இருக்கிறது. சுட ஒன்றுமே இல்லை. விஞ்ஞானியைக் கண்டுபிடித்த நொடியில் எல்லாம் கவிழ்கிறது, நரகத்துப் பேய்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. அப்புறம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். கொஞ்சம் முன்னால் பேச்சுக் கொடுத்தவர்கள் நின்ற அதே இடங்கள், இப்போது விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. புதிய இடத்தைக் காட்டி பயமுறுத்துவது சுலபம். தெரிந்த இடத்தை இருட்டாக்கித் திருப்பி அனுப்புகிறான் பார், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

அங்கங்கே கிடக்கும் பிடிஏ என்கிற கைக்கணினிகளில் உள்ள மின்னஞ்சல்களை இந்த முறை ஒன்று விடாமல் படித்தேன். அன்றைக்கு நீ "தள்ளு, தள்ளு" என்று அவசரப்படுத்தியதில் பாதிக்கு மேல் தவறவிட்டிருக்கிறோம். மரமே இல்லாத கிரகத்துக்குத் தவறுதலாக மர அறுவை ரம்பங்களை அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு புலம்பல். ரம்பம் கையில் கிடைக்கும்போதுதான் அது எதற்காக எழுதப்பட்டது என்று புரிந்து சிரித்தேன். 'மார்ஷியன் பட்டி' (செவ்வாய்த் தோழன்) என்கிற விளம்பர அஞ்சலும் அங்கேதான் இருந்தது. அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு வலைத்தளம் வைத்திருந்தார்கள். அப்போது அங்கே போய்ப் பார்த்தால்தான் ஆட்டத்தில் வரும் பூட்டிய அலமாரிக்கு எண் கிடைக்கும்: 0508. நாம் அந்த அலமாரியை உதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டோம்.

குறை இல்லாமல் இல்லை. கவசம் ஒன்று தனியாகப் பளபளத்தால், எடுத்தவுடன் பின்சுவர் திறந்து ஏதோ ஒன்று வரும். ஆறேழு தடவைக்குப் பிறகு நானே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு காத்திருந்தேன். நடுவில் வரும் ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத இரும்புத் தாழ்வாரங்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த ஹாஃப் லைஃப் 2 என்கிற ஆட்டம் இதைத் தூக்கிச் சாப்பிட்டதில் ஆச்சரியமே இல்லை.

ஆல்ஃபா ஆய்வகத்தில் கையில் லாந்தர் விளக்கோடு ஒரு விஞ்ஞானி வருவாரே, அவர் முன்னால் நடக்க நான் துப்பாக்கியோடு பின்னால் நடந்தேன். வெளிச்சம் ஒருவரிடம், சுடும் வேலை இன்னொருவரிடம். அங்கேதான் உன் நினைவு வந்தது. அவர் உன்னைவிட நிதானமானவர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

டெல்டா ஆய்வகம் தாண்டி நரகத்துக்கும் போய்வந்தேன். ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள், ஆனால் எங்கு பார்த்தாலும் நெருப்பு வெளிச்சம் என்பதால் தாழ்வாரங்கள் அளவுக்குப் பயம் இல்லை. முடிவில் ஒரு பிரம்மாண்டமான காவலன். அவனுக்குக் கண் தெரியாது. அவனைச் சுற்றிப் பறக்கும் சின்னச் சின்னப் பிராணிகள்தான் அவனுக்காகத் தேடிக் காட்டுகின்றன. அவற்றைச் சுட்டு வீழ்த்தினால் தடுமாறுவான். பாவம், அவனுக்கும் டார்ச் பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு நாம் நிறுத்தியதும் இதே இடம்தான். நரகத்திலிருந்து திரும்பியதும் உனக்கு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாய். நானும் அதற்கப்புறம் தொடவில்லை. இப்போதும் அங்கேயே சேவ் செய்து வைத்திருக்கிறேன். இதுவரை எஃப் பொத்தானை நானேதான் அழுத்தினேன், மூன்று இடத்தில் உன்னைப் போலவே இரண்டு தடவை அழுத்தித் தொலைத்தேன்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாய். ஒரே நாற்காலியில் இனி நாம் கொள்ளமாட்டோம், இரண்டு போட்டு வைக்கிறேன். உன் கழுத்துக்கு ஒரு தலையணையும் வைக்கிறேன். தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பங்காளி