விரலை விரித்த நஞ்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதத்துக்குப் பின் என் அம்மாவின் இடக்கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிவிட்டன. நகம் வெட்டப் போனாலே அழுவார். போட்டுலினம் ஊசி போட்ட இரண்டாவது வாரத்தில் விரல்கள் விரிந்தன. கெட்டுப்போன டப்பா உணவில் பாக்டீரியா உண்டாக்கும் அதே நஞ்சுப் புரதம்தான்! மிகச் சிறு அளவில் போட்டால், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையில் சுரப்பதைத் தடுத்து, இறுகிய தசையைத் தளர்த்துகிறது. மாறுகண்ணுக்கு அமெரிக்கா 1989-லேயே அனுமதித்த மருந்து. இங்கே பலருக்கும் அது முகச்சுருக்க ஊசி மட்டுமே.

பலன் சுமார் 3 மாதம். பிறகு மறுபடி போட வேண்டும். ஏற்காடு மலைக் கிராமங்களின் தினக்கூலிக் குடும்பங்கள் என்ன செய்யும்? சேலம் மாவட்டத்தில் பக்கவாத நோயாளிகளுக்கு இந்த ஊசியும் இயன்முறைப் பயிற்சியும் இலவசமாகத் தொடர்ந்து கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்