புள்ளிய எண்ணச் சொல்லாதீங்க: பூச்சி போஸ்டர் அடிக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

'நன்மை செய்யும் பூச்சிகள்'னு விவசாயிங்களுக்கு கலர் போஸ்டர் அடிச்சு குடுக்கற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

எங்க சித்தப்பா மோட்டார் ரூம் செவுத்துல அப்படி ஒண்ணு ஒட்டியிருக்காரு. அதுல ஒரே ஒரு பொறிவண்டு, செக்கச்செவேல்னு, முதுகுல ஏழு கருப்பு புள்ளி. அவ்ளோதான். போன பட்டத்துல கத்தரிச் செடியில புள்ளி புள்ளியா வண்டு உக்காந்திருக்க, மருந்தடிக்கலாமான்னு கேட்டா "நம்ம ஆளுதான்டா, விடு"ன்னுட்டாரு. பத்து நாள்ல இலையெல்லாம் சல்லடை. அது எபிலாக்னா, இலை திங்கற வண்டு. அதே சமயம் பக்கத்து பாத்தி தட்டைப்பயறுல அசுவினிய (செடிச் சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சி) மேஞ்சிட்டிருந்த நெஜமான நண்பன், புள்ளியே இல்லாம நெளிநெளியா கோடு போட்டிருந்ததால, மருந்து வாங்கி செத்துச்சு.

அந்த கோடு வண்டுக்கு பேரு என்ன தெரியுமா, செக்ஸ்மாகுலேட்டா, அதாவது ஆறு புள்ளி. 1781ல ஃபாப்ரிசியஸ்ங்கற பூச்சி ஆராய்ச்சியாளர் வெச்ச பேரு, ஆனா நம்ம வயல்ல பாக்கறப்போ பாதிக்கு மேல கோடாத்தான் இருக்கு, சிலதுல கருப்பு பரவி மஞ்சள் திட்டுதான் மிச்சம், சிலதுல நடுக்கோடு மட்டும். நான் ஒரு கூட்டுப்புழுவ பாட்டில்ல போட்டு வெச்சேன், காலைல வெளிய வந்தப்போ வெறும் மஞ்சள், ஒரு கோடுகூட கிடையாது, அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா கருப்பு ஏறிச்சு. அந்த நேரத்துல பாத்தா யாராலயும் சொல்ல முடியாதுங்க!

எபிலாக்னாவும் அப்படித்தான். 28 புள்ளின்னு பேரு இருந்தாலும் ஒவ்வொரு பக்க இறக்கையிலயும் ஆறு புள்ளிதான் நிச்சயம், மத்த எட்டு இருக்கலாம் இல்லாமலும் போலாம். 12 புள்ளியோடயும் வரும், 28ஓடயும் வரும். இத எண்ணி முடிக்கறதுக்குள்ள அது பறந்துரும்.

அதுக்கு பதிலா வெயில்ல நெகத்து மேல வெச்சு பாக்கச் சொல்லுங்க. எபிலாக்னா முதுகுல பொடி முடி இருக்கும், வெல்வெட் துணி மாதிரி மங்கலா தெரியும். அசுவினி திங்கறது எண்ணெ தேச்ச மாதிரி பளபளக்கும். புழுவயும் போடுங்க, எபிலாக்னா புழு மஞ்சளா, மேல கிளை கிளையா முள்ளு, இலைப் பச்சைய சுரண்டி நரம்ப மட்டும் விட்டு வெக்கும். நம்மாளு புழு கருப்பா நீளமா, பாக்க குட்டி முதலை மாதிரி, ஓடிட்டே இருக்கும். சித்தப்பா அந்த முதலையத்தான் மொதல்ல நசுக்குவாரு, அது வேற கதை.

அடுத்த போஸ்டர்ல ஒரே வண்டோட நாலு வேஷத்தையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. ஏழு புள்ளி செவப்பு வண்ட நான் எங்க ஊர்ல ஒருதடவகூட பாத்ததில்ல. போட்டோ இல்லன்னா சொல்லுங்க, என் போன்ல நாப்பது கிடக்கு, காசெல்லாம் வேணாம்.

இப்படிக்கு,
கத்தரி போன சித்தப்பாவோட அண்ணன் மகன்